ரோஸ் அறையில் திருத்திய கடுகு மஞ்சள்

எங்கள் ஊரில் நிறம் என்று வந்துவிட்டால் யாரும் யாருடைய கண்ணையும் நம்புவதில்லை, தன் கண்ணையும் சேர்த்துத்தான். ஒரு நீலத் துணியை நீலம் என்று சொல்வதற்கு மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். சாயப்பட்டறைக்காரர் உள்ளங்கை அளவுத் துணிகளில் ஏ, பி, சி என்று மூன்று நீலம் போட்டு அனுப்புவார். லேப் டிப் என்பார்கள். அவற்றை உள்ளே சாம்பல் வண்ணம் அடித்த ஒரு விளக்குப் பெட்டிக்குள் வைத்து, பகல் வெளிச்சத்தில் எப்படி, கடை வெளிச்சத்தில் எப்படி, வீட்டு வெளிச்சத்தில் எப்படி என்று ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்ப்போம். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர் 'பி' என்று ஒற்றை எழுத்தை மின்னஞ்சலில் அனுப்பும்வரை அந்த நீலம் நீலம் ஆகாது. அனுப்பிய பிறகு அந்தத் துண்டுத் துணியை உறையில் போட்டு, வெயில் படாமல், பீரோவில் வைத்துப் பூட்டுவோம். எங்கள் வீட்டுப் பத்திரத்துக்குக்கூட அந்த மரியாதை கிடையாது. அது பழைய காலண்டர்களுக்கு நடுவில்தான் கிடக்கிறது.

வேலம்பாளையம் பக்கம் குழந்தைகளின் உடுப்பு தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் நான் இந்த வேலையைத்தான் பார்த்தேன். மெர்ச்சண்டைசர் என்று பெயர். மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். அவளுக்கு ஒன்றேகால் வயதாகும்போது முதலாளி போன் செய்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஊட்டுல சும்மாதான இருக்கறீங்க? நம்ம புக்கு வேலைய சித்தப் பாத்துக் குடுங்க."

அப்போது நான் சும்மாதான் இருந்தேன். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மகள் வாய்க்குள் விரலை விட்டு ஒரு சட்டைப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தேன்.

புக்கு என்றால் கம்பெனி வருடா வருடம் அச்சடிக்கும் படப் புத்தகம். கெட்டி அட்டை, வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் உடுப்புப் போட்ட குழந்தைகள். பையர்கள் அதைப் புரட்டி, இந்தப் பக்கத்தில் இருக்கும் இந்த நிறம் வேண்டும் என்று ஆர்டர் கொடுப்பார்கள். புத்தகத்தில் ஒரு மஞ்சளும் பெட்டியில் வேறு மஞ்சளும் இருந்தால் பெட்டி கப்பல் ஏறி அப்படியே திரும்பி வரும். எனவே படங்களைத் திருத்தி, துணியின் நிறம் அச்சில் அச்சு அசலாக வரும்படி செய்துகொடுக்க ஒரு நம்பிக்கையான ஆள் வேண்டும். கல்லூரியில் நான் படம் திருத்தும் மென்பொருளில் ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தேன் என்பது அவருக்கு எப்படியோ நினைவிருந்தது. எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

மாடல்கள் எல்லாம் கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் குழந்தைகள். கடுகு மஞ்சள் நிறத்தில் ஒரு முழு உடுப்பு இருந்தது; அந்த அளவு சாம்பிள் யாருக்கும் பொருந்தவில்லை, என் மகளுக்குப் பொருந்தியது. போட்டுவிட்டேன். அழாமல் உட்கார்ந்து கேமராவைச் சந்தேகமாகப் பார்த்தாள். நல்ல படம்.

என் மகளின் நிறத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நான் சொல்லாவிட்டாலும் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், பிறந்த நாளிலிருந்து அதுதானே நடக்கிறது. கறுப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள், எங்கள் பக்கத்து ஆட்கள் அவ்வளவு மரியாதையானவர்கள். "காதோரம் பாத்தா வெளுப்பாத்தானுங்க வருவா" என்பார்கள். "போகப் போக மாறிப்போயிருங்க" என்பார்கள், காய்ச்சலைப் பற்றிச் சொல்வதுபோல. அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார் வாராவாரம் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நான் தேய்த்தேனா என்றால், தேய்த்தேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் தேய்க்காமல் விட்டு, பிறகு தேய்த்திருக்கலாமோ என்று நினைக்க நேர்ந்தால் என்ன செய்வது என்று தேய்த்தேன். நான் பெரும்பாலான காரியங்களை இப்படித்தான் செய்கிறேன்.

மகள் தூங்கும் மதிய நேரத்தில்தான் வேலை. அவள் தூங்கும் அறையிலேயே மடிக்கணினியை வைத்துக்கொண்டேன். இல்லையென்றால் மூச்சு விடுகிறாளா என்று பார்க்க நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து போக வேண்டும். அந்த அறைக்கு, மகள் பிறந்த சந்தோஷத்தில், என் கணவர் ரோஸ் கலர் அடித்திருந்தார். நான்கு சுவருக்கும், கூரைக்கும். மேற்குப் பக்கம் ஜன்னல். மதியம் மூன்று மணிக்கு வெயில் உள்ளே இறங்கினால் அறையே பஞ்சுமிட்டாய் ஆகிவிடும். நான் அதற்குள் உட்கார்ந்து, கம்பெனி பீரோவிலிருந்து எடுத்துவந்த கடுகு மஞ்சள் துண்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்து, படத்தை அதற்கு ஒப்பாகத் திருத்தினேன். அந்த வெயிலில் எதைத் திறந்தாலும் படம் இருண்டு, கொஞ்சம் பச்சையடித்தாற்போல இருந்தது. போட்டோகிராபரை மனதுக்குள் திட்டிக்கொண்டே, ஒவ்வொரு படத்திலும் வெளிச்சத்தைக் கூட்டி, பச்சையைக் குறைத்து, மெஜந்தாவை ஏற்றினேன். அச்சில் எல்லா நிறமும் நான்கு மையிலிருந்துதான் வருகிறது; மெஜந்தா என்பது அதில் ரோஸ் மை. பொறுப்பாக ஏற்றினேன். பத்து நாள் ஏற்றினேன்.

அச்சகத்திலிருந்து, சரிபார்ப்பதற்காக மாதிரி அச்சடித்த புரூஃப் தாள்கள் வந்தன. முதலாளி மேசைமேல் விரித்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். என் மகளின் பக்கம் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, யாருங்க இது? ரோசாப்பூவாட்ட! நம்ம பாப்பாவா?"

தாளில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை உட்கார்ந்திருந்தது. கன்னம் சிவந்து, விரல் நுனியெல்லாம் சிவந்து, குளிர் தேசத்தில் பிறந்து வளர்ந்ததுபோல. மூக்கு என் மகளுடையது, சந்தேகப் பார்வையும் அவளுடையதுதான். மற்றதெல்லாம் யாருடையது என்று தெரியவில்லை.

பொய் சொல்லக்கூடாது, எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஒரு நொடிதான். ஆனால் வந்தது. அடுத்த நொடியில் அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கப்பட்டேன். அதற்கடுத்த நொடியில், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு நானே வாதாடினேன். அதற்குள் முதலாளி உடுப்பைப் பார்த்துவிட்டார்.

"அம்மிணி, இதென்னுங்க? கடுகு மஞ்சளக் கேட்டா ஆரஞ்சு மிட்டாயப் போட்டு வெச்சிருக்கறீங்க! பையர் பாத்தா நெஞ்சப் புடிச்சுக்குவான்."

பக்கம் பக்கமாகப் புரட்டினார். சந்தன நிறம் காவியாகியிருந்தது. வெள்ளை, வெள்ளையாக இல்லை. இலைப் பச்சை எதுவென்று அடையாளமே தெரியவில்லை. இத்தனை வருடம் மூன்று விளக்கில் நீலத்தைப் பரிசோதித்தவள் நான்தான் என்பதை அவர் ஒருமுறை நினைவுபடுத்தினார். மரியாதையாகத்தான். எங்கள் ஊரில் திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்கள். அதனால் வலி குறைவதில்லை, பதில் சொல்வதுதான் கஷ்டமாகிறது.

புரூஃபை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாத்தனார் வந்திருந்தார். தாளை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அட சாமி! இப்பத்தான் புள்ளையாட்ட இருக்கறா. பாத்தியா, நாந்தான் சொன்னனே, மாவு வேல செய்யுமுன்னு."

"அண்ணி, அது அச்சுத் தப்புங்க."

"தப்போ கிப்போ, நல்லாத்தான இருக்குது!" என்று போனில் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். ஐந்து நிமிடத்தில் சோமனூரிலிருந்து ஒரு சித்தி, 'சுத்திப் போடுங்க, கண்ணு பட்டுரும்' என்று எழுதினார். பிறந்து ஒன்றேகால் வருடத்தில் யாருக்கும் இந்தக் குழந்தைமேல் கண் பட்டுவிடும் என்று தோன்றியதில்லை. அச்சுத் தப்பு நடந்ததும் தோன்றியிருக்கிறது.

எங்கே தவறினேன் என்று இரண்டு நாள் எனக்குப் புலப்படவில்லை. திரையைக் குறை சொன்னேன், அச்சகத்தைச் சொன்னேன், தூக்கமின்மையைச் சொன்னேன். மூன்றாம் நாள், மாடியில் காய்ந்த மகளின் வெள்ளை பனியனை எடுத்துவந்து அந்த அறைக் கட்டிலில் போட்டேன். மாடியில் வெள்ளையாக இருந்த பனியன் கட்டிலில் ரோஸாக இருந்தது. மறுபடி மாடிக்கு எடுத்துப் போனேன், வெள்ளை. கீழே கொண்டுவந்தேன், ரோஸ். நான்கைந்து முறை ஏறி இறங்கினேன். விளக்குப் பெட்டியின் உள்பக்கத்துக்கு ஏன் சாம்பல் வண்ணம் அடிக்கிறார்கள் என்று வேலை பார்த்த அத்தனை வருடமும் நான் கேட்டதே இல்லை. ஒரு நிறமும் வந்து கண்ணைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் அடிக்கிறார்கள். நான் மனதார ரோஸ் பெட்டிக்குள் குடியேறி, கையிலிருந்த துண்டையும், திரையையும், என் கண்ணையும் ஒன்றாக ரோஸில் முக்கியெடுத்திருக்கிறேன்.

கணவரிடம் சொன்னேன். "சுவரால எப்புடிப் புள்ள படம் மாறும்? நீ சரியாத் தூங்குனயா?" என்றார். அவர் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். சாயம் ஏறாத வெள்ளைத் துணி மட்டும் பார்க்கிறவர்.

மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு சிறிய அறை இருக்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவர், வடக்குப் பக்க ஜன்னல். மடிக்கணினியை அங்கே கொண்டுபோனேன். மகள் இப்போது மதியத் தூக்கத்தைக் கைவிட்டு, மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு குடும்பம் நடத்தினாள். நான் எல்லாப் படத்தையும் முதலிலிருந்து திருத்தினேன். சந்தனம் சந்தனம் ஆனது. கடுகு மஞ்சள் துண்டைத் திரையருகில் வைத்தால் எது துணி, எது படம் என்று தெரியாத அளவுக்கு வந்தது. கூடவே மகளும் வந்தாள், அவளுடைய நிறத்தில்.

முதலாளிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"துணி அருமைங்க. ஆனா பாப்பாவ ஏனுங்க இப்புடிப் பண்ணிப்போட்டீங்க? அந்த மொத பாப்பா நல்லா இருந்துதுங்களே. துணிய மட்டும் மாத்திப்போட்டு, பாப்பாவ அப்புடியே உட்டுருங்க."

முடியாது என்று சொல்ல முடியாது. முடியும். உடுப்பை மட்டும் தனியாக வெட்டியெடுத்துத் திருத்தலாம், ஒரு மணி நேர வேலை. மறுக்க எனக்கு ஒரு தொழில் காரணமும் கிடைக்கவில்லை. தாய்க் காரணம் ஒன்று இருந்தது. தொழிலிடத்தில் அதைச் சொன்னால், இதற்குத்தான் குழந்தை பெற்றவர்களுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்பார்கள். செய்தேன். கடுகு மஞ்சள் உடுப்பு, ரோசாப்பூக் குழந்தை. கழுத்துப் பட்டி முடியும் இடத்தில் வேறு யாருடைய தலையையோ கொண்டுவந்து பொருத்தியதுபோல இருந்தது. எனக்கு மட்டும்தான் அப்படித் தெரிந்தது. அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகு ஒழுங்காகச் சாப்பிட முடியவில்லை. புத்தகம் கெட்டி அட்டை, கிழியாது, வீட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். பத்து வயதில் ஒரு விடுமுறை நாளில் அவள் அதை எடுப்பாள், தன் பக்கத்தைத் தேடுவாள், தன் கையை அந்தத் தாளின்மேல் வைத்துப் பார்ப்பாள். 'இது நானாம்மா?' என்று கேட்டால் பரவாயில்லை. 'இப்படி இருந்த நான் எப்போ இப்படி ஆனேன்?' என்று கேட்டால் என்ன சொல்வது? முதலாளி சொன்னார் என்றா? இரண்டு படத்தையும் அவளிடமே காட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் தன்னைப் பார்த்து 'பாப்பா' என்பவள்தானே, தீர்ப்புச் சொல்லட்டும் என்று. நிஜப் படத்தைப் பார்த்து 'பாப்பா' என்றாள். ரோஸ் படத்தைப் பார்த்தும் 'பாப்பா' என்றாள். பக்கத்திலிருந்த சோப்புத்தூள் பாக்கெட்டைப் பார்த்தும் 'பாப்பா' என்றாள். பிறகு திரையை நக்கினாள்.

அச்சடிக்கும் நாளில், இயந்திரத்திலிருந்து வரும் முதல் தாளைப் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட ஒருவர் போக வேண்டும். முதலாளி பையரை அழைக்க விமான நிலையம் போக வேண்டியிருந்ததால் என்னைப் போகச் சொன்னார். நாத்தனாருக்கு அன்று சஷ்டி, மருதமலைக்குப் போய்விட்டார். மகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன். பென் டிரைவில் இரண்டு படமும் இருந்தன. எதற்கு இரண்டையும் எடுத்துக்கொண்டேன் என்று ஆட்டோவில் மூன்று முறை என்னையே கேட்டேன்.

அச்சக ஆபரேட்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாளை எடுத்து மேசை விளக்கின்கீழ் விரித்தார். தாளில் எட்டுப் பக்கங்கள், மேல் வரிசையில் என் மகள். தாளைப் பார்த்தார், என் இடுப்பைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"இது யாரு பிள்ளைம்மா?"

"இவதானுங்க."

"வெளையாடாதிய."

"நெசமாத்தானுங்க."

"அப்போ அடிக்கதுல தப்பு இருக்கு" என்று இயந்திரத்துக்கு நடக்கத் தொடங்கினார். "மெஜந்தாவக் கொறைக்கேன், இருங்க."

நான் மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன். குறைத்தார். இரண்டாவது தாளில் மகள் கொஞ்சம் வந்தாள். ஆனால் அதே நெடுக்கில் கீழே இருந்த ரோஸ் கவுன் வெளுத்து, பலமுறை துவைத்ததுபோல ஆகியிருந்தது. ஒரு நெடுக்கில் மையைக் குறைத்தால் அந்த நெடுக்கில் இருக்கிற எல்லாவற்றுக்கும் குறையும்.

"பாத்தியளா? பிள்ளையக் காப்பாத்துனா கவுனு போவுது. கவுனக் காப்பாத்துனா பிள்ள போவுது. மிசின்ல ஒண்ணும் பண்ண முடியாதும்மா. படத்தையே மாத்திக் குடுத்தியன்னா புதுசா பிளேட்டுப் போடணும். மூணு மணி நேரம் ஆவும். ஓனர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க."

முதலாளிக்குப் போன் செய்தேன். விமான நிலைய அறிவிப்பு பின்னால் ஒலித்தது. எனக்குத் தெரிந்த ஒரே மொழியில், கம்பெனி மொழியில், பேசினேன்.

"சார், ஷேட் மேட்ச் ஆகலீங்க."

"எந்த ஸ்டைலுங்க? கடுகா?"

"கடுகு ஓகேங்க. பாப்பா மேட்ச் ஆகலீங்க."

"அம்மிணி, அதைத்தான் நாம பேசி முடிச்சுட்டமேங்க."

"ஒப்புக்காத ஷேட ஓட்டக்கூடாதுன்னு நீங்கதானுங்க சார் சொல்லுவீங்க. கடுகுக்குத் துண்டு பீரோல இருக்குதுங்க. பாப்பாவுக்கு இங்க என் இடுப்புலயே இருக்குதுங்க. பக்கத்துல வெச்சுப் பாத்தேனுங்க. ஒத்து வரல."

"பையர் துணியத்தான் பாப்பானுங்க, புள்ளைய எங்க பாக்கறான்?"

"அப்ப புள்ள எப்படி இருந்தா என்னங்க சார்?"

இதைத் திட்டமிட்டுக் கேட்கவில்லை. நிஜமாகவே எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது. "பையர் வந்துட்டாருங்க. என்னமோ பண்ணுங்க. சாயங்காலத்துக்குள்ள ஓட்டிரணும்" என்று வைத்துவிட்டார். அடுத்த வருடப் புத்தகம் எனக்கு வராது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம் என்று வைத்துக்கொண்டு, அங்கேயே கவலைப்பட்டேன்.

அச்சுத் தகட்டை மாற்றிப் புது பிளேட் போட்டார்கள். மூன்று மணி நேரம் மகள் கழிவுத் தாள் குவியலில் புரண்டாள். கடைசியில் வந்த தாளை ஆபரேட்டர் வாசலுக்கு எடுத்துவரச் சொன்னார். வெளிச்சத்தில் விரித்தோம். அவள் கையைப் பிடித்துப் படத்தின் கைமேல் வைத்தேன். கை எங்கே முடிகிறது, தாள் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது. ரோஸ் கவுனும் ரோஸாக இருந்தது.

"சரிதானம்மா?"

"கொஞ்சம் டார்க்கா இருக்குதுங்களா?"

"எது, தாளா, பிள்ளையா?"

கையெழுத்துப் போட்டேன்.

புத்தகம் தைத்து, அட்டை ஒட்டி வீட்டுக்கு வர ஒன்றரை மாதம் ஆனது. இடையில் கடும் வெயில் காலம். படம் திருத்தும் வேலை முடிந்தும் மகளுக்கு மாடிப் பழக்கம் விடவில்லை. வாளியோடு அவளும், வெயிலும். நாத்தனார் வந்து புத்தகத்தைத் திறந்தார். அவள் படம் இருந்த பக்கத்தில் நிறுத்தினார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் படத்தைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். வெயிலில் கறுத்து இரண்டு ஷேட் ஏறியிருந்தாள்.

"பரவால்லயே கண்ணு" என்றார் திருப்தியாக. "எடுப்பா, கொஞ்சம் வெளுப்பாக்கித்தான் போட்டிருக்கற."

"இல்லீங்க அண்ணி. அது அவ நெறமேதானுங்க."

"ஆமா ஆமா, எனக்குத் தெரியாதாக்கும்" என்று சிரித்தார். நான் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய், வெளிச்சத்தில் அவள் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒத்து வரவில்லை. இந்த முறை தாள்தான் வெளுப்பு.